முட்டுக்கே முட்டு: கோதிக் பேராலயங்கள் எப்படி நிற்கின்றன?

2019 ஏப்ரல் 15 மாலை, பாரிஸ் நகரத்து நோத்ர தாம் பேராலயத்தின் கூரை பற்றி எரிந்ததைத் தொலைக்காட்சியில் பலரும் பார்த்திருப்போம். நடுவில் நின்ற ஊசிக்கோபுரம் தீயோடு சாய்ந்து விழுந்த காட்சிதான் பெரும்பாலோர் மனத்தில் தங்கியது. தீ அணைந்தபின் நடந்த ஒரு வேலையைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. அந்தக் கட்டடத்துக்கு வெளியே, சுவருக்குத் தோள் கொடுத்தபடி கல் வளைவுகள் வரிசையாக நிற்கும். எரிந்தது உச்சியில் இருந்த மரக்கூரை. ஆனால் பொறியாளர்கள் அவசர அவசரமாகச் செய்த வேலைகளில் ஒன்று, வெளியே நிற்கும் அந்த வளைவுகளுக்கு அடியில் பெரிய பெரிய மரச்சட்டங்களைப் பொருத்தியது. சுவருக்கு முட்டாக நிற்பதற்கே இன்னொரு முட்டு!

எதற்காக? இதற்கு விடை தெரிந்துவிட்டால் கோதிக் கட்டடக்கலையில் பாதி புரிந்த மாதிரி. அதற்கு முன் பெயர்களைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

பேராலயம் என்றதும் பெரிய ஆலயம் என்றுதான் தோன்றும். ஆனால் அளவுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. ஆயர், அதாவது பிஷப், அமரும் ஆசனத்துக்கு லத்தீனில் கதீட்ரா என்று பெயர். அந்த ஆசனம் எந்தத் தேவாலயத்தில் இருக்கிறதோ அது கதீட்ரல், அதாவது பேராலயம். சின்னதாக இருந்தாலும் சரி.

கோதிக் என்பது வசவாகப் பிறந்த பெயர். கோத்துகள் என்போர் 410இல் ரோம் நகரைச் சூறையாடிய கூட்டத்தார். அவர்களுக்கும் இந்தக் கட்டடங்களுக்கும் எழுநூறு ஆண்டு இடைவெளி இருக்கிறது. ஆனாலும் 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய ஓவியர் வசாரி போன்றவர்கள், பழைய ரோமானியக் கட்டடங்களே அழகு என்று நம்பியவர்கள், ‘இது கோத்துகளின் காட்டுமிராண்டி வேலை’ என்ற பொருளில் திட்டினார்கள். திட்டு அப்படியே பெயராக நிலைத்துவிட்டது. கட்டிய காலத்தில் இதற்குப் ‘பிரெஞ்சு வேலை’ என்று ஒரு பெயர் வழங்கியது. அதுதான் நியாயமான பெயர். 12ஆம் நூற்றாண்டில் பாரிஸைச் சுற்றியுள்ள பகுதியில்தான் இந்தப் பாணி உருவானது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்களுக்கு இதன்மேல் மறுபடியும் மோகம் வந்தது. மும்பையில் அன்று விக்டோரியா பெயரில் இருந்த ரயில் நிலையமும், 1896இல் இன்றைய வடிவில் கட்டி முடிந்த சென்னை சாந்தோம் பேராலயமும் அந்த இரண்டாவது அலையைச் சேர்ந்தவை. இந்தக் கட்டுரை முதல் அலையைப் பற்றியது.

கல்லின் குணம்

வீடு கட்டியவர்களுக்கு லிண்டல் தெரியும். வாசலுக்கும் சன்னலுக்கும் மேலே கிடையாகப் போடுகிற உத்தரம் அது. கான்கிரீட் லிண்டல் என்றால் உள்ளே கம்பி வைக்கிறோம். ஏனென்றால் மேலே பாரம் ஏறும்போது லிண்டல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது, அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. கான்கிரீட்டோ கல்லோ, அமுக்கினால் எவ்வளவோ தாங்கும்; இழுத்தால் பிளந்துவிடும். அந்த இழுப்பைத் தாங்கத்தான் கம்பி. கம்பி இல்லாத காலத்தில் கல் உத்தரத்தை ரொம்ப நீளமாகப் போட முடியாது. அகலமான கூடம் வேண்டுமென்றால் இடையிடையே தூண் நட்டாக வேண்டும்.

வளைவு இந்தச் சிக்கலைத் தீர்த்தது. வளைவில் எந்தக் கல்லும் தொங்குவதில்லை. ஒவ்வொன்றும் அடுத்த கல்லை நெருக்கிக்கொண்டு நிற்கிறது. எல்லாம் அமுக்கம்தான், இழுப்பு இல்லை. உச்சிக்கல் வைக்கும்வரை மட்டும் அது தானாக நிற்காது. அதுவரை அடியில் வளைவான மரச்சட்டம் தாங்கியிருக்க வேண்டும். அந்தச் சட்டத்துக்கு ஆங்கிலத்தில் இருந்த பெயர்தான் சென்ட்ரிங். வளைவே இல்லாத மொட்டைமாடித் தளத்துக்குப் பலகை அடிப்பதையும் நாம் சென்ட்ரிங் என்கிறோமே, அதே சொல்தான்.

ஆனால் வளைவு சும்மா நிற்காது, வெளிப்பக்கமாகத் தள்ளும். சீட்டுக்கட்டிலிருந்து இரண்டு சீட்டை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று சாய்த்துக் கூம்பாக மேசைமேல் நிறுத்திப் பாருங்கள். மேசை வழவழப்பாக இருந்தால் இரண்டு சீட்டின் அடியும் வழுக்கி விலகி, மொத்தமும் படுத்துவிடும். இரண்டு பக்கமும் ஒரு தீப்பெட்டி வைத்தால் நிற்கும். பெட்டி காலியாக இருந்து நகர்கிறதா? அதன்மேல் நாலைந்து நாணயங்களை அடுக்குங்கள், நின்றுவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். சீட்டுகளை அகட்டி வைத்தால் தள்ளு அதிகம்; செங்குத்தாக நெருக்கி வைத்தால் தள்ளு குறைவு.

அவ்வளவுதான். கோதிக் பேராலயம் என்பது இந்தச் சீட்டும் தீப்பெட்டியும் நாணயமும்தான். இனிப் பார்க்கப்போகும் ஒவ்வொன்றையும் இதில் பொருத்திப் பார்க்கலாம்.

சுவர் காணாமல் போன கதை

கோதிக்குக்கு முந்தைய பாணிக்கு ரோமனெஸ்க் என்று பெயர். அரைவட்ட வளைவு, கனத்த சுவர், சின்னச் சின்ன சன்னல். நீளமான குழாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி கூரை. அந்தக் கூரை சுவரின் நீளம் முழுக்கத் தள்ளிக்கொண்டே இருக்கும். தாங்க வேண்டுமென்றால் சுவர் கனமாக இருக்க வேண்டும், அதில் பெரிய ஓட்டை போடக் கூடாது. அதனால்தான் பல ரோமனெஸ்க் கோயில்களுக்குள் குகைக்குள் நிற்பது போன்ற இருட்டு. எனக்கு அந்த இருட்டும் பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

இதை மாற்றிய கருவிகள் மூன்று: கூர்வளைவு, விலாக் கூரை, பறக்கும் முட்டு. இவற்றில் கூர்வளைவு கோதிக் கொத்தர்கள் கண்டுபிடித்தது இல்லை. கெய்ரோவில் 879இல் முடிந்த இப்னு துலூன் பள்ளிவாசலிலேயே அது இருக்கிறது. கல் விலாக்கள் இங்கிலாந்தின் டரம் பேராலயத்தில் உண்டு. அங்கே வேலை தொடங்கியது 1093இல். பிரெஞ்சுக் கொத்தர்களின் கெட்டிக்காரத்தனம் இவற்றையெல்லாம் ஒரே கட்டடத்தில் ஒன்றுக்கொன்று உதவும்படி சேர்த்ததில் இருக்கிறது.

கூர்வளைவால் என்ன லாபம்? அரைவட்டத்தின் உயரம் அதன் அகலத்தில் சரிபாதி. மாற்றவே முடியாது. பத்தடி அகலம் என்றால் ஐந்தடி உயரம், இருபதடி என்றால் பத்தடி. செவ்வகமான ஒரு இடத்துக்குமேல் கூரை போடும்போது இது பெரிய தலைவலி. அகலப் பக்கத்து வளைவும் குறுகிய பக்கத்து வளைவும் மூலைவிட்ட வளைவும் ஒரே உயரத்துக்கு வராது. கூர்வளைவு வளைந்துகொடுக்கும். அகலம் எதுவானாலும் முனையை ஏற்றி இறக்கி வேண்டிய உயரத்துக்குக் கொண்டுவரலாம். கூடவே, சீட்டை நெருக்கி வைத்தது போலத் தள்ளும் குறைகிறது.

அடுத்தது விலா. குடையை விரித்தால் கம்பிகள் தெரியும் இல்லையா, அதுபோலக் கூரையின் அடியில் கல் கம்பிகள் ஓடும். முதலில் சென்ட்ரிங் வைத்து விலாக்களைக் கட்டிவிடுவார்கள். பிறகு விலாக்களுக்கு இடையே மெல்லிய கல்லை அடுக்கி நிரப்புவார்கள். நோத்ர தாமின் வளைகூரை சில இடங்களில் ஒரு சாண் கனம்கூட இல்லை. கூரையின் பாரம் சுவர் முழுக்கப் பரவாமல் நான்கு மூலைத் தூண்களுக்கு வந்து சேரும். பாரத்தை விலாக்கள்தான் சுமக்கின்றன என்று வெகுகாலம் நம்பினார்கள். போரில் குண்டு விழுந்த சில தேவாலயங்களில் விலா உதிர்ந்தும் இடையில் நிரப்பிய கல் அப்படியே நின்றது. ஆக, கட்டும்போது விலா கொடுக்கும் உதவிதான் பெரிது. கட்டி முடித்தபின் கூரையின் வடிவமே தன்னைத் தாங்கிக்கொள்கிறது.

இப்போது தள்ளு முழுவதும் சில புள்ளிகளில் குவிந்துவிட்டது. நல்ல செய்தி: தூண்களுக்கு இடையிலுள்ள சுவருக்கு வேலை இல்லை, அதைத் திறந்து சன்னல் வைக்கலாம். கெட்ட செய்தி: அந்தப் புள்ளிகளில் தள்ளு கடுமையானது, அதுவும் தரையிலிருந்து 20, 30 மீட்டர் உயரத்தில். கீழே நடுக்கூடத்தின் இரு பக்கமும் தாழ்ந்த கூரையோடு பக்கக்கூடங்கள் இருப்பதால், சுவரை ஒட்டி முட்டு கட்டவும் வழியில்லை. கட்டினால் பக்கக்கூடம் அடைபட்டுவிடும். அதனால் முட்டைத் தூரத் தள்ளி வைத்தார்கள். பக்கக்கூடத்துக்கு வெளியே ஒரு கனத்த கல் தூண். அதிலிருந்து பாதி வளைவு ஒன்று பக்கக்கூடத்தின் கூரையைத் தாண்டி வந்து, உயரச் சுவரைத் தொட்டு நிற்கும். காற்றில் தாவுவது போல் இருப்பதால் பறக்கும் முட்டு என்று பெயர். உயரமான கூரைமேல் மோதும் காற்றின் தள்ளையும் அது வாங்கி இறக்குகிறது.

அந்த வெளித்தூண்களின் தலையில் ஊசி ஊசியாகக் கூம்புகள் இருக்கும். பார்ப்பவர்கள் அலங்காரம் என்றுதான் நினைப்பார்கள். அலங்காரமும்தான். ஆனால் தீப்பெட்டிமேல் நாணயம் வைத்தோமே, இது அதே வேலை. மேலே கனம் ஏறும்போது, பக்கவாட்டில் வரும் தள்ளு கீழ்நோக்கித் திரும்பித் தரைக்குப் போகிறது.

மழைநீரை என்ன செய்வது? பல இடங்களில் பறக்கும் முட்டின் முதுகிலேயே வாய்க்கால் வெட்டி நீரை வெளியே கொண்டுவந்தார்கள். அது சுவரில் வழியாமல் தள்ளிப்போய் விழ, விலங்குமுகக் கல் தூம்புகளை நீட்டிவைத்தார்கள். கார்கோயில் என்பது அதுதான். தொண்டை என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். நோத்ர தாமின் மேல்மாடத்தில் கன்னத்தில் கைவைத்துப் பாரிஸைப் பார்த்துக்கொண்டிருக்கும் புகழ்பெற்ற கொம்பு பூதம் இருக்கிறதே, அது நீர் துப்பாது. இடைக்காலத்ததும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் வியோலே ல தூக் என்ற கட்டடக்கலைஞர் புதுப்பித்தபோது சேர்த்தது. 2019இல் விழுந்த ஊசிக்கோபுரமும் அவருடையதே.

சரி, முதலில் விட்ட கேள்விக்கு வருவோம். ஒரு கதவை உள்ளிருந்து ஒருவரும் வெளியிலிருந்து ஒருவரும் சம பலத்தோடு தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். கதவு அசையவில்லை. உள்ளே இருப்பவர் சட்டென்று கையை எடுத்துவிட்டால்? வெளியே இருப்பவர் கதவோடு சேர்ந்து உள்ளே போய் விழுவார். நோத்ர தாமின் வளைகூரை உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. பறக்கும் முட்டு வெளியிலிருந்து உள்ளே தள்ளுகிறது. தீயில் மரக்கூரை எரிந்து, ஊசிக்கோபுரம் விழுந்த இடத்திலும் வேறு சில இடங்களிலும் வளைகூரையில் ஓட்டை விழுந்தது. மீதி நின்றது, ஆனால் வெப்பத்தில் வெந்து, தண்ணீரில் ஊறிப்போன கல். அது இடிந்தால் எதிர்த்துத் தள்ள ஆளில்லாமல் முட்டு சுவரை உள்ளே சாய்த்துவிடும். அதனால்தான் முட்டுக்கு அடியில் மரச்சட்டம் வைத்து, அதன் பாரத்தை வாங்கிக்கொண்டார்கள். அந்தச் சட்டம் வேறொன்றுமில்லை, பழைய சென்ட்ரிங்தான்.

கூரை எரிந்தும் உட்புறத்தில் பெரும்பகுதி தப்பியதற்கும் காரணம் அந்த மெல்லிய கல் வளைகூரைதான். பேராலயத்துக்குக் கூரை இரண்டு: உள்ளே கல், அதற்குமேல் மழைக்கு மரமும் ஈயத் தகடும். நோத்ர தாமின் மரக்கூரையில் அத்தனை ஓக் மரங்கள், அதற்குக் ‘காடு’ என்றே பெயர். பிரான்சின் ஷார்த்ர் பேராலயத்தில் 1836இல் இதே மாதிரி மரக்கூரை எரிந்தது, கல் கூரை காத்தது. அங்கே பிறகு இரும்புச் சட்டம் போட்டார்கள். பாரிஸ்காரர்கள் மறுபடியும் ஓக் மரத்திலேயே கட்டி 2024 டிசம்பரில் திறந்தார்கள். தீக்குப் பின் நடந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் வெளிப்பட்டது. 1163ஐ ஒட்டித் தொடங்கிய அந்தக் கட்டடத்தில், தொடக்கத்திலிருந்தே கல்லோடு கல்லைப் பிணைக்க இரும்புக் கவ்விகளைத் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

வெளிச்சம், கண்ணாடி

இதற்கெல்லாம் தொடக்கம் பாரிஸுக்கு வடக்கே உள்ள சாந் தெனி மடாலயம். பிரெஞ்சு மன்னர்களை அடக்கம் செய்த இடம் அது. மடத்தலைவர் சூஜே பழைய கோயில் போதவில்லை என்று கிழக்குப் பகுதியை மாற்றிக் கட்டி, 1144இல் அர்ப்பணித்தார். பீடத்தைச் சுற்றி வளைந்து போகும் நடைபாதை. அதை ஒட்டிச் சிறு பலிபீட அறைகள். அறைகளுக்கு இடையே சுவருக்குப் பதிலாக மெல்லிய தூண்கள். வெளிப்புறம் முழுக்கக் கண்ணாடி. ஒளி கடவுளின் அடையாளம் என்று நம்பிய மனிதர் அவர். தான் கட்டியதைப் பற்றித் தானே விரிவாக எழுதியும் வைத்தார். தன்னடக்கம் அவருக்குக் கொஞ்சம் குறைவு. கட்டடத்தில் தன் பெயரையும் உருவத்தையும் பல இடங்களில் பதித்துவைத்தார்.

ஒளி என்றதும் உள்ளே பளிச்சென்று இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். கண்ணாடி அத்தனையும் அடர்ந்த நீலமும் சிவப்பும். ஷார்த்ருக்குள் நுழைந்தால் கண் பழகவே சில நிமிடம் ஆகும். அப்புறம் சன்னல்கள் தணல் மாதிரி கனிவது தெரியும். 1194 தீக்குப் பிறகு எழுந்த அந்தப் பேராலயத்தில் சுமார் 176 சன்னல்கள். பெரும்பாலானவற்றில் இருப்பது இடைக்காலக் கண்ணாடியே. 1939இல் போர் மூண்டபோது கழற்றிப் பத்திரப்படுத்தி, பிறகு பொருத்தினார்கள்.

கண்ணாடி செய்ய மணலும் மரச்சாம்பலும். நீலத்துக்குக் கோபால்ட், ஊதாவுக்கு மாங்கனீசு, சிவப்புக்குச் செம்பு. முழுக் கனத்துக்கும் சிவப்பு ஏற்றினால் கறுத்துவிடும் என்பதால், வெள்ளைக் கண்ணாடியின்மேல் மெல்லிய சிவப்புப் படலம் ஏற்றினார்கள். சுண்ணாம்பு பூசிய பலகையில் படத்தை முழு அளவில் வரைந்து, அதன்படி துண்டுகளை வெட்டி, ஈயப் பட்டைகளால் கோத்தார்கள். முகம், துணிமடிப்பு போன்றவற்றைக் கருநிறச் சாயத்தால் தீட்டிச் சூளையில் சுட்டார்கள். பழைய கண்ணாடி அடிப்பக்கம் தடித்திருப்பது அது நூற்றாண்டுகளாக வழிந்து இறங்கியதால் என்று ஒரு கதை உலவுகிறது. பொய். ஊதிச் செய்த கண்ணாடி தொடக்கத்திலேயே ஒரே கனமாக இருக்காது, அவ்வளவுதான்.

படிக்கத் தெரியாதவர்களுக்கான வேதாகமம் இந்தச் சன்னல்கள் என்று வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. இருபது மீட்டர் உயரத்தில் உள்ளங்கை அளவு முகங்களைக் கீழேயிருந்து யார் படிப்பது? கதை முன்பே தெரிந்தால்தான் படம் புரியும். ஷார்த்ரின் தாழ்ந்த சன்னல்களில் ரொட்டி சுடுபவர், செருப்புத் தைப்பவர், சக்கரம் செய்பவர் எல்லாம் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு முதலில் அடையாளம் தெரிந்தது அவையாகத்தான் இருக்கும்.

கயிறும் காம்பஸும்

இத்தனையையும் கட்டியவர்களிடம் இன்றைய பொருளில் பொறியியல் கணக்கு ஒன்றும் கிடையாது. காம்பஸ், மூலைமட்டம், கயிறு, அனுபவம். தரையில் சுண்ணக்காரை பூசி அதன்மேல் வளைவை முழு அளவில் கீறி, அதிலிருந்து பலகை அச்சு வெட்டி, அந்த அச்சுப்படி கல்லைச் செதுக்கினார்கள். இங்கிலாந்தின் யார்க், வெல்ஸ் பேராலயங்களில் அப்படிக் கீறிய தளங்கள் இன்றும் இருக்கின்றன. மனிதர்கள் உள்ளே நின்று மிதிக்கும் பெரிய மரச்சக்கரங்களால் கல்லை மேலே தூக்கினார்கள். குளிர்காலத்தில் சுண்ணாம்புக் காரை உறைந்து கெட்டுவிடும் என்பதால் கட்டுவேலை நின்றுவிடும்.

ஆபத்து எப்போதும் உண்டு. இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலயம் 1174இல் எரிந்தபின் அதைத் திரும்பக் கட்ட சான்ஸ் நகரத்து வில்லியம் என்ற பிரெஞ்சுத் தலைமைக் கொத்தரை அமர்த்தினார்கள். 1178இல் வளைகூரை வேலைக்கு ஏறியவர் சாரம் சரிந்து சுமார் 50 அடி கீழே விழுந்தார். படுக்கையிலிருந்தபடியே சிலகாலம் வேலை வாங்கினார். முடியாமல் ஊருக்குத் திரும்பினார். இது தெரியக் காரணம், அதே மடத்துத் துறவி ஜெர்வாஸ் நடந்ததை ஆண்டுவாரியாக எழுதிவைத்ததுதான்.

பணம்? ஆயரும் குருக்கள் அவையும் தங்கள் நிலவருமானத்திலிருந்து கொடுத்தார்கள், யாத்திரிகர்கள் காணிக்கை போட்டார்கள். ரூவான் பேராலயத்தின் ஒரு கோபுரத்துக்கு வெண்ணெய்க் கோபுரம் என்று பெயர். வெண்ணெய் விலக்க வேண்டிய தவக்காலத்தில் அதைச் சாப்பிட அனுமதி வாங்கியவர்கள் கொடுத்த பணத்தில் கட்டியதாம்! பணம் தீர்ந்தால் வேலை நிற்கும். ஷார்த்ரின் பெரும்பகுதி முப்பது ஆண்டுக்குள் எழுந்தது. ஜெர்மனியின் கொலோன் பேராலயம் 1248இல் தொடங்கி, 16ஆம் நூற்றாண்டில் நின்று, முந்நூறு ஆண்டுபோல முடியாத கோபுரத்தின்மேல் பாரந்தூக்கியோடு கிடந்து, 1880இல்தான் முடிந்தது.

போவே ஊர்க்காரர்களின் ஆசை

நகரங்களுக்கு இடையே உயரப் போட்டி இருந்தது. நோத்ர தாமின் வளைகூரை சுமார் 33 மீட்டர் உயரம், ஷார்த்ர் 37, ரைம்ஸ் 38. 1220இல் தொடங்கிய அமியான் 42 மீட்டரை எட்டியது. பக்கத்து ஊரான போவே 1225இல் தொடங்கியது. 1272இல் பீடம் இருக்கும் கிழக்குப் பகுதி முடிந்தபோது உயரம் சுமார் 48 மீட்டர், ஏறக்குறைய 16 மாடி. எந்தக் கோதிக் வளைகூரையும் அதைத் தாண்டவில்லை.

பன்னிரண்டு ஆண்டுதான். 1284இல் வளைகூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. தூண்களுக்கு இடையே விட்ட இடைவெளி அதிகம் என்று முடிவுசெய்து, ஒவ்வொரு இடைவெளியிலும் புதிதாக ஒரு தூணை நட்டுத் திரும்பக் கட்டினார்கள். இப்போதும் போனால் ஒரு பெரிய வளைவு நடுவில் பிளந்து இரண்டு குறுகிய வளைவுகளாக நிற்பதைப் பார்க்கலாம்.

இதோடு விட்டிருக்கலாம். 16ஆம் நூற்றாண்டில், ஆலயத்தின் மேற்குப் பாதியான நடுக்கூடத்தைக் கட்டி முடிக்காமலேயே, சிலுவை வடிவில் அமைந்த கட்டடத்தின் நடுவில் 153 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்றை எழுப்பினார்கள். அது முடிந்தது 1569இல். கோபுரத்துக்கு மூன்று பக்கம் கட்டடம் அணைத்து நின்றது. மேற்கே, நடுக்கூடம் இருக்க வேண்டிய பக்கம், வெறும் காற்று. 1573இல் ஆண்டவரின் விண்ணேற்றத் திருநாளன்று, மக்கள் பவனியாக வெளியே போன சிறிது நேரத்தில், கோபுரம் சரிந்தது.

அதைத் திரும்ப எழுப்பவில்லை. நடுக்கூடத்தையும் கட்டவில்லை. மேற்குப் பக்கத்தை ஒரு சுவரால் அடைத்துவிட்டார்கள். உள்ளே இன்று மரத்தாலும் இரும்பாலும் முட்டுக் கொடுத்திருக்கிறது. வெளியே அந்தச் சுவரை ஒட்டி, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாழ்ந்த பழைய ஆலயம் ஒன்று இருக்கிறது. புதிய நடுக்கூடம் வரும்போது இடித்துவிடலாம் என்று அப்போதைக்கு விட்டுவைத்தது அது.